கேள்வி – பதில்: பௌத்தத் தியான முகாமுக்குப் போவது எதற்காக?

வீட்டையும் வேலையையும் சில நாள் விட்டு ஒதுங்கி, மௌனத்தில் இருந்து தியானம் பழகும் பௌத்த முறையைப் பற்றிக் குமரி மாவட்ட வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்கள் கணிசமாகச் சேர்ந்துவிட்டன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் ஒத்தவற்றை ஒன்றாக்கி, இந்த இதழில் பகுதி முழுவதையும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

வீட்டிலிருந்தே கும்பிடலாம், கோயிலுக்கும் போகலாம். அப்படியிருக்க, மனைவி மக்களையும் பொறுப்புகளையும் விட்டுவிட்டு எங்கேயோ போய்ப் பத்து நாள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஒருவகைத் தப்பித்தல்தானே? பௌத்தர்கள் இதற்கு என்ன நோக்கம் சொல்கிறார்கள்?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தக்கலை

ஐயா, தங்கள் சந்தேகத்தை நான் தள்ளிவிட மாட்டேன். தப்பித்துக்கொள்ள நினைத்து வருகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். வீட்டுச் சண்டை, கடன், பரீட்சைத் தோல்வி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கும். ஆனால் இந்த வழக்கம் தோன்றிய விதத்தைப் பார்த்தால், கடமையிலிருந்து நழுவுவதற்கான ஏற்பாடாக அதை யாரும் வகுக்கவில்லை என்பது தெரியவரும்.

புத்தர் காலத்துப் பிக்குகள் ஆண்டு முழுவதும் ஊர் ஊராக நடந்துகொண்டே இருந்தவர்கள். மழைக்காலத்திலும் அவர்கள் நிற்காமல் நடப்பதைக் கண்ட மக்கள், மற்றச் சமயத்துத் துறவிகள் மழைக்கு ஓரிடத்தில் தங்குகிறார்கள், பறவைகள்கூட மரத்தில் கூடு கட்டி ஒதுங்குகின்றன, இவர்கள் மட்டும் பசும்புல்லையும் சிற்றுயிர்களையும் மிதித்துக்கொண்டு திரிகிறார்களே என்று குறை சொன்னதாகப் பிக்குகளின் ஒழுக்க விதிகளைக் கூறும் நூலான விநயபிடகம் கூறுகிறது. அந்தக் குறை காதுக்கு எட்டிய பிறகே, மழைக்காலத்தில் 3 மாதம் ஓரிடத்தில் தங்கவேண்டும் என்ற விதியைப் புத்தர் ஏற்படுத்தினார். இன்றும் இலங்கை, தாய்லாந்து, மியான்மர் ஆகிய நாடுகளில் ஜூலை மாதப் பௌர்ணமிக்கு மறுநாள் தொடங்கி அக்டோபர் மாதப் பௌர்ணமி வரை, வஸ்ஸா எனப்படும் இந்த மழைக்கால வாசத்தைப் பிக்குகள் கடைப்பிடிக்கிறார்கள். நம் நாஞ்சில் நாட்டு வயல்களில் கன்னிப்பூப் பயிர் நின்று அறுவடையாகும் மாதங்களும் ஏறக்குறைய அவையே என்பதால், பயிரின் மேல் கால் வைத்து நடக்கிறவனைக் கண்டு உழவன் ஏன் முகம் சுளித்தான் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

தங்கள் கேள்விக்கான விடை அந்த விதிகளுக்குள்ளேயே இருக்கிறது. வஸ்ஸா காலத்தில் தாயோ தந்தையோ நோயுற்றிருப்பதாகத் தெரிந்தால், அவர்கள் சொல்லி அனுப்பாவிட்டாலும், பிக்கு புறப்பட்டுப் போய்க் கவனித்துவிட்டு 7 நாளுக்குள் திரும்பலாம் என்று விநயம் இடம் கொடுக்கிறது. 3 மாதமும் முடிகிற நாளில் பிக்குகள் எல்லோரும் கூடி, தன்னிடம் கண்ட, கேட்ட, ஐயுற்ற குற்றம் ஏதேனும் இருந்தால் இரக்கம் கொண்டு சொல்லும்படி ஒவ்வொருவரும் சங்கத்தைக் கேட்டுக்கொள்ளும் பவாரணை என்ற சடங்கு நடக்கும். மூத்த பிக்குவும் இளையவர்கள் முன்னிலையில் இதைக் கேட்டாக வேண்டும். தப்பித்து வந்த கூட்டம் தன் தலைமேல் இப்படி ஒரு சடங்கைத் தானாக வைத்துக்கொள்ளாது.

நோக்கத்துக்கு வருகிறேன். பாலி மரபு ஒதுக்கத்தை மூன்றாகப் பிரிக்கும். உடல் ஒதுங்குவது ஒன்று. உள்ளம் ஒதுங்குவது இரண்டு. பற்றுக்கு ஆதாரமான எல்லாவற்றிலிருந்தும் விடுபடுவது மூன்று, அதுவே நிர்வாணம். முகாம் என்பது முதலாவதை மட்டும் தரும்; இரண்டாவதற்கு வசதி செய்து கொடுக்கும். தனித்து வாழ்கிறவன் யார் என்று மிகஜாலர் என்ற பிக்கு கேட்டபோது, வேட்கையைத் துணையாகக் கொண்டவன் அடர்காட்டில் இருந்தாலும் துணையோடு வாழ்கிறவனே என்றும், அதை விட்டவன் ஊர் நடுவே அரசரும் அமைச்சரும் சூழ இருந்தாலும் தனித்து வாழ்கிறவனே என்றும் புத்தர் சொன்னதாகப் புத்தரின் உபதேசங்களின் தொகுப்பான சம்யுத்த நிகாயத்தில் வருகிறது. ஆகவே வீட்டை விட்டுப் போவதைப் பௌத்தம் தன்னளவில் ஒரு சிறப்பாகக் கருதவில்லை. பேச்சு, போன், செய்தித்தாள், சாயங்காலச் சீரியல், ஏன், ஓயாமல் எதையாவது செய்துகொண்டிருக்கும் சுறுசுறுப்பு என்று மனம் சாய்ந்துகொள்ளும் தூண்களையெல்லாம் சில நாளைக்கு எடுத்துவிட்டு, அப்போது அது தானாக என்ன செய்கிறது என்று அருகிலிருந்து பார்ப்பதற்காகவே இந்த ஒதுக்கம். அமைதி கிடைப்பதுண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அமைதிதான் நோக்கம் என்று சொல்லி ஆள் சேர்க்கிறவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள் என்பது என் எண்ணம்.

நான் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழில் செய்கிறேன். மழை வலுத்தால் வேலை இருக்காது. அந்த நாட்களில் பத்து நாள் தியானத்துக்குப் போய் வரலாம் என்று பழகியவர் ஒருவர் சொல்கிறார். அங்கே நாள் முழுக்க என்னதான் செய்வார்கள்? அத்தனை நாள் பேசாமல் இருக்க முடியுமா?
– வாசகர், குலசேகரம்

உங்கள் நண்பர் சொல்வது விபாசனா முகாமாக இருக்க வேண்டும். நம் நாட்டில் 10 நாள் முகாம் என்றாலே பெரும்பாலும் அதுதான். இதைப் பரப்பியவர் 1924இல் பர்மாவின் மாண்டலே நகரில் பிறந்த எஸ். என். கோயங்கா. வணிகரான அவர் தாங்க முடியாத ஒற்றைத் தலைவலிக்கு வழி தேடிப் போனபோது, அந்நாட்டு அரசின் தலைமைக் கணக்காளராக இருந்த ஊ பா கின் என்பவரிடம் இந்தப் பயிற்சியைக் கற்றார். ஆசிரியர், மாணவர் இருவருமே குடும்பஸ்தர்கள் என்பதைத் தக்கலை ஐயாவும் கவனிக்க வேண்டும். கோயங்கா 1969இல் இந்தியா வந்து மும்பையில் முதல் முகாமை நடத்தினார்; இகத்புரியில் உள்ள தம்மகிரி மையம் 1976இல் தொடங்கியது.

அதிகாலை 4 மணிக்கு மணி அடிக்கும். பால்வெட்டுக்குப் போகும் உங்களுக்கு அது ஒரு பொருட்டாக இராது. மற்றவர்கள் முதல் இரண்டு நாள் தள்ளாடுவார்கள். 4.30 மணி முதல் இரவு 9 மணி வரை, இடைவேளைகள் போக, ஏறக்குறைய 10 மணி நேரம் தியானம். 11 மணிக்கு மதிய உணவு. மாலை 5 மணிக்குப் புதியவர்களுக்குத் தேநீரும் பழமும் உண்டு, இரவுச் சாப்பாடு கிடையாது. இரவு 7 மணிக்கு ஒலிப்பதிவில் சொற்பொழிவு, தமிழிலும் கேட்கலாம். கொல்லாமை, களவின்மை, பொய்யாமை, போதை நீக்கல், அந்த நாட்களுக்குப் பிரமசரியம் ஆகிய ஐந்து சீலங்களை ஏற்றுக்கொண்டுதான் உள்ளே போக முடியும். போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். புத்தகமும் பேனாவும்கூடக் கூடாது. முதல் மூன்றரை நாள் மூக்குத் துவாரத்தில் வந்து போகும் மூச்சை மட்டும் கவனிப்பது, நான்காம் நாள் முதல் உச்சந்தலையிலிருந்து பாதம் வரை உடலில் தோன்றும் உணர்ச்சிகளை விருப்பு வெறுப்பின்றிக் கவனித்துக்கொண்டே வருவது, கடைசி நாள் எல்லா உயிரும் நலமாக இருக்க நினைக்கும் மைத்திரி தியானம். பயிற்சி இவ்வளவுதான்.

பேசாமல் இருப்பது நீங்கள் பயப்படுகிற அளவுக்குக் கடினமில்லை. சீக்கிரம் பழகிவிடும், சிலருக்குப் பெரிய நிம்மதியாகவும் இருக்கும். கஷ்டம் முழங்காலில் தொடங்கி மனத்தில் முடியும். மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் ஒன்றரை மணி நேர அமர்வை எடுத்துக்கொள்ளுங்கள். கூடம் நிறைய ஆட்கள், ஒரு சத்தமும் இல்லை. பின்வரிசையில் ஒருவர் தொண்டையைச் செருமுகிறார். முகம் தெரியாத அந்த மனிதர்மேல், சொத்தைப் பறித்துக்கொண்டவன்மேல் வருகிற அளவுக்குக் கோபம் வருகிறது. அடுத்த நிமிடம் எப்போதோ வானொலியில் கேட்ட பற்பொடி விளம்பரப் பாட்டு தலைக்குள் ஓடுகிறது. அது ஓய்ந்தால், ரப்பர் ஷீட்டை எடை போட்டதில் வியாபாரி ஏமாற்றியிருப்பானோ என்ற சந்தேகம். அவனிடம் என்ன கேட்க வேண்டும், அவன் என்ன சொல்வான், அதற்கு நாம் என்ன சொல்ல வேண்டும் என்று முழு வாக்குவாதமும் வசனத்தோடு நடந்து முடிகிறது. மூச்சு என்ற ஒன்றைக் கவனிக்க வந்தோம் என்பதே நினைவில் இல்லை. வீட்டிலும் இவையெல்லாம் நாள்தோறும் நடந்தவைதான். அங்கே இவற்றுக்கு மேலே வேறு சத்தம் இருந்ததால் தெரியவில்லை.

இந்தக் குழப்பத்தைப் பௌத்தம் ஐந்து தடைகளாக வகுத்திருக்கிறது: புலனாசை, வெறுப்பு, சோம்பலும் தூக்கமும், பரபரப்பும் உறுத்தலும், ஐயம். நெடுநாள் ஓதிய மந்திரங்களும் சில வேளை நினைவுக்கு வராமல் போவது ஏன் என்று கேட்ட சங்காரவர் என்ற அந்தணருக்குப் புத்தர் ஒரு பாத்திரத் தண்ணீரைக் காட்டி விடை சொன்னார். சாயம் கலந்த தண்ணீர், கொதிக்கும் தண்ணீர், பாசி மூடிய தண்ணீர், காற்றில் அலையடிக்கும் தண்ணீர், சேறு கலங்கி இருட்டில் வைக்கப்பட்ட தண்ணீர் ஆகிய ஐந்திலும் குனிந்து பார்க்கிறவனுக்குத் தன் முகம் தெரியாது. எது எந்தத் தடைக்குரியது என்பதை அதே வரிசையில் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம். முகாமில் கற்க வேண்டிய முதல் பாடம், இப்போது வந்திருப்பது எந்தத் தண்ணீர் என்று அடையாளம் காண்பது. பற்பொடிப் பாட்டு வந்ததற்காக வருந்திக்கொண்டிருப்பதும் அந்த ஐந்தில் ஒன்றுதான்!

தொடர்ந்து உட்கார முடியாதவர்களுக்கு வேறு முறைகள் இருக்கின்றன. மியான்மர் நாட்டுத் துறவி மகாசி சயாதோ (1904–1982) வழியில் வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனித்து உட்காரும் அமர்வும், காலை எடுத்து வைப்பதைக் கவனித்து மெல்ல நடக்கும் நடைத் தியானமும் மாறி மாறி வரும். உட்காருவதற்கு நாற்காலி கேட்டால் எங்கேயும் யாரும் குறைவாக நினைப்பதில்லை.

பக்கத்தில் எங்கே நடக்கிறது? எவ்வளவு செலவாகும்?
– பல வாசகர்கள்

விபாசனா மையங்களில் நமக்கு வசதியானது ஆலப்புழை மாவட்டம் செறியநாட்டில் உள்ள தம்ம கேதன. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம், கொல்லம் வழியாக ரயிலில் செங்கன்னூர் போய் இறங்கினால் அருகில்தான். சென்னைத் திருமுடிவாக்கத்தில் தம்ம சேது இருக்கிறது. இந்த மையங்களில் தங்குவதற்கோ உணவுக்கோ பயிற்சிக்கோ கட்டணம் கிடையாது. ஒரு முகாமையாவது முழுமையாக முடித்தவர்களிடமிருந்து மட்டுமே நன்கொடை ஏற்பார்கள். முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், தொடங்கினால் இறுதி வரை இருந்தாக வேண்டும். சொகுசு விடுதியில் மசாஜும் தியானமும் சேர்த்து ஆயிரக்கணக்கில் வாங்கும் 'ரிட்ரீட்' விளம்பரங்கள் வேறு சரக்கு. ஓய்வுக்குப் போகிறவர் போகலாம், அதில் தவறில்லை, அதைப் பௌத்தப் பயிற்சி என்று நினைத்துப் பணம் கட்ட வேண்டாம்.

எங்கள் பங்கில் தவக்காலத்தில் தியானம் நடக்கும், நாங்கள் குடும்பத்தோடு கலந்துகொள்வோம். செவிலியராக வேலை பார்க்கும் என் மகள் கொடைக்கானலில் ஜென் தியானத்துக்குப் போக வேண்டும் என்கிறாள். இது நம் விசுவாசத்துக்கு விரோதமாகாதா?
– கத்தோலிக்கத் தாய், குளச்சல்

அம்மா, உங்கள் மகள் சொல்லும் இடம் கொடைக்கானல் பெருமாள்மலையில் உள்ள போதி ஜென்டோவாக இருந்தால், அதை 1996இல் நிறுவியவரே ஒரு கத்தோலிக்கக் குரு. சேசு சபையைச் சேர்ந்த அருட்தந்தை ஆமா சாமி ஜப்பானிய ஆசான் யமதா கோஉன் வழியில் பயின்று, ஜென் என்ற ஜப்பானியப் பௌத்தப் பிரிவில் ஆசானாக அங்கீகரிக்கப்பட்டவர். ஜென் முகாமில் சொற்பொழிவு குறைவு. சுவரைப் பார்த்தபடி உட்காருவது, இடையிடையே வரிசையாக மெல்ல நடப்பது, தோட்ட வேலையோ சமையலறை வேலையோ செய்வது, ஆசானைத் தனியே சந்தித்துப் பேசுவது என்று நாள் போகும். உங்கள் பங்குத் தியானத்தில் மறையுரையும் பாவசங்கீர்த்தனமும் முதன்மையாக இருக்கும். இங்கே கேட்பதற்கு ஏதும் பெரிதாக இராது.

திருச்சபை இதில் இரண்டு செய்திகளைச் சொல்லியிருக்கிறது, இரண்டையும் நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட 'நோஸ்த்ரா ஏத்தாத்தே' என்ற ஏடு பௌத்தத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக இருப்பவற்றைத் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்றது. 1989இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் எழுதிய கடிதம், கீழை நாட்டுத் தியான முறைகள் செபத்துக்கு உதவக்கூடும் என்று ஏற்றுக்கொண்டே, கிறிஸ்தவ செபத்தின் சாரத்தை அவற்றோடு கலந்து மயங்கிவிடக் கூடாது என எச்சரித்தது. பௌத்தம் உலகைப் படைத்த கடவுள் ஒருவரை ஏற்பதில்லை. விபாசனா முகாமில் தொடக்கத்தில் புத்தம், தம்மம், சங்கம் என்ற மும்மணிகளைச் சரணடையும் வாசகத்தைச் சொல்லச் சொல்வார்கள். இவற்றை மறைத்து 'எல்லாம் ஒன்றுதான்' என்று சமாதானம் சொல்வது இரு சமயத்துக்கும் செய்யும் மரியாதை ஆகாது. மகள் வயது வந்தவர். உங்கள் பங்குத் தந்தையிடம் அவரே ஒருமுறை மனம் விட்டுப் பேசிவிட்டு முடிவெடுக்கட்டும்.

சிதறால் மலைக் குகையில் புத்த பிக்குகள் தங்கித் தியானம் செய்தார்கள் என்று யூடியூபில் பார்த்தேன். உண்மையா?
– கல்லூரி மாணவர், கொட்டாரம்

தம்பி, சிதறால் சமணர் மலை. பாறையில் வரிசையாகச் செதுக்கியிருப்பவை தீர்த்தங்கரர் உருவங்கள். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் ஆட்சியாண்டைக் குறிக்கும் கல்வெட்டு அங்கே உண்டு. அதே மன்னன் திருமூலபாதம் என்ற பௌத்தத் தலத்துக்கு நிலம் கொடுத்ததைப் பாலியம் செப்பேடு சொல்கிறது. கேரளக் கரையில் புகழ்பெற்றிருந்த ஸ்ரீமூலவாசம் அதுவே என்பது ஆய்வாளர் கருத்து. ஆகவே 9ஆம் நூற்றாண்டில் நம் பகுதியை ஆண்டவனுக்குப் பௌத்தத் துறவிகளும் வேண்டியவர்கள்தான். ஒதுங்கியிருந்து தவம் செய்வது எப்படியும் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. மருந்துவாழ் மலையின் பிள்ளைத்தடம் குகையில் நாராயண குரு தவமிருந்தார். 1892 டிசம்பரில் விவேகானந்தர் கடல்பாறையில் தியானித்தார். வாகைப்பதியில் ஐயா வைகுண்டரின் அன்பர்கள் துணி துவைத்துத் தூய்மை காக்கும் துவையல் தவசைக் குடும்பம் குடும்பமாக இருந்தார்கள். ஒவ்வொன்றின் நோக்கமும் வேறு. குழந்தை குட்டிகளோடு இருந்த அந்தத் துவையல் தவசைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

பெங்களூரு ஐடி நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். ஓராண்டாக மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறேன், தூக்கமும் சரியில்லை. பத்து நாள் முகாமுக்குப் போனால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று இணையத்தில் பலர் எழுதுகிறார்கள். போகலாமா?
– வாசகர் (வயது 27), நாகர்கோவில்

மாத்திரையை நிறுத்தாதீர்கள். இப்போதைக்கு 10 நாள் முகாமுக்கும் போக வேண்டாம். உங்கள் மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு, விண்ணப்பத்தில் நோயையும் மருந்தையும் மறைக்காமல் எழுதி, மையத்தார் ஏற்றுக்கொண்டால் போகலாம். விண்ணப்பப் படிவத்தில் அந்தக் கேள்விகளைச் சடங்குக்காகக் கேட்கவில்லை.

தியானத்தால் பயன் உண்டா என்பதற்கு ஆய்வுகள் தரும் விடை, விளம்பரங்கள் தருவதைவிட அடக்கமானது. 2014இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் உள்மருத்துவ இதழில் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 3,515 பேர் பங்கேற்ற 47 சோதனைகளை எடைபோட்டது. மனப்பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவை ஓரளவு குறைகின்றன என்பதற்கு நடுத்தரமான சான்று கிடைத்தது. தூக்கம், கவனம், உடல் எடை ஆகியவற்றில் பயன் உண்டு என்று சொல்லப் போதிய சான்று கிடைக்கவில்லை. மருந்து, உடற்பயிற்சி போன்ற மற்றச் சிகிச்சைகளைவிடத் தியானம் மேலானது என்பதற்கும் சான்றில்லை. அந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை வாரம் ஓரிரு வகுப்பும் வீட்டுப் பயிற்சியுமாக நடந்தவை. ஒரு நாளைக்கு 10 மணி நேரம் உட்காரும் முகாமுக்கு அந்த முடிவை அப்படியே நீட்ட முடியாது. 2007இல் அமெரிக்காவின் கொலராடோவில் 3 மாத முகாம் ஒன்றில் பங்கேற்றவர்களை ஆராய்ந்தபோது, நீண்ட நேரம் கவனம் சிதறாமல் இருக்கும் திறன் கூடியிருந்தது தெரியவந்தது. அவர்கள் ஏற்கெனவே தியானத்தில் பழக்கமுள்ளவர்கள்.

தியானத்தால் தீங்கு வரவே வராது என்று யாராவது சொன்னால், பௌத்த நூல்களே அப்படிச் சொல்லவில்லை என்று நீங்கள் பதில் சொல்லலாம். வைசாலியில் உடலின் அழுக்கை நினைக்கும் அசுப தியானத்தைப் பிக்குகளுக்குக் கற்பித்துவிட்டுப் புத்தர் அரை மாதம் தனித்திருந்தார். திரும்பி வந்தபோது கூட்டம் மெலிந்திருந்தது. தம் உடல்மேல் அருவருப்பு முற்றிப் பலர் உயிரை விட்டிருந்தார்கள். அதைக் கேட்டறிந்த பிறகு எஞ்சியவர்களைக் கூட்டி, மென்மையான மூச்சுத் தியானத்தைப் புத்தர் கற்பித்தார் என்று சம்யுத்த நிகாயம் பதிவு செய்திருக்கிறது. பயிற்சி ஒன்று, ஆட்கள் பலர். எல்லோருக்கும் ஒரே மருந்து பொருந்தாது என்பதை இவ்வளவு வெளிப்படையாக எழுதி வைத்த மரபை நான் மதிக்கிறேன். கடுமையான மனநோய் முன்பு வந்தவர்களும், பெரிய அதிர்ச்சிக்கு ஆளாகி அது ஆறாதவர்களும் நீண்ட மௌன முகாமைத் தவிர்ப்பதே நல்லது. நீங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, நாளைக்குக் கால் மணி நேரம் மூச்சைக் கவனிப்பதிலிருந்து தொடங்கலாம். மனம் தாங்காத இரவுகளில் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

என் கொழுந்தனார் இரண்டு முகாம்களுக்குப் போய் வந்துவிட்டார். வந்த புதிதில் சாந்தமாக இருந்தார். இப்போது பழைய கோபம் அப்படியே திரும்பிவிட்டது. போதாக்குறைக்கு எங்களையெல்லாம் 'விழிப்பில்லாதவர்கள்' என்கிறார். அப்படியானால் இதில் பயன்தான் என்ன?
– வாசகி, ராஜாக்கமங்கலம்

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன், மன்னிக்க வேண்டும். இந்த 'விழிப்பில்லாதவர்கள்' என்ற பட்டம் பல வீடுகளில் கொடுக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது.

கோபம் திரும்பியதில் வியப்பில்லை. ஆரவாரமில்லாத இடத்தில், யாரோ சமைத்துப் போட, யாரும் எதிர்த்துப் பேசாமல் இருக்கும்போது மனம் அடங்குவதில் பாதி அந்த இடத்தின் வேலை. மேகியர் என்ற பிக்குவின் கதையை உங்கள் கொழுந்தனாரிடம் சொல்லுங்கள். புத்தருக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த அவர், ஆற்றங்கரையில் அழகான மாந்தோப்பு ஒன்றைப் பார்த்துவிட்டு, அங்கே தனியே போய்த் தவம் செய்ய வேண்டும் என்று விடை கேட்டார். வேறு யாராவது வரும் வரை பொறுத்திரு என்றார் புத்தர். மேகியர் மூன்று முறை கேட்டு, கடைசியில் போயே விட்டார். மாமரத்தடியில் உட்கார்ந்தால் ஆசை எண்ணமும் பகை எண்ணமும் பிறரைத் துன்புறுத்தும் எண்ணமுமே கூட்டமாக வந்தன. திகைத்துப்போய்த் திரும்பியவருக்குப் புத்தர், மனம் பக்குவப்படத் துணை செய்யும் ஐந்தைச் சொன்னார்: நல்ல நண்பர், ஒழுக்கம், நன்மைக்கு உதவும் பேச்சு, விடாமுயற்சி, பொருள்களின் தோற்றத்தையும் மறைவையும் காணும் அறிவு. நல்ல நண்பர் இருந்தால் மற்ற நான்கும் வரும் என்று சேர்த்துச் சொன்னார். இடம் அந்தப் பட்டியலில் இல்லை.

பயன் என்று கேட்டீர்கள். விழிப்புணர்வுப் பயிற்சியைக் கூறும் சதிபட்டான சூத்திரம் 7 ஆண்டு என்று தொடங்கிப் படிப்படியாகக் குறைத்து 7 நாள் வரை வந்து, இடைவிடாமல் பழகியவருக்கு உயர்ந்த பலன் உண்டு என்று முடிகிறது. அந்த 7 நாளை மட்டும் பிடித்துக்கொண்டு அவசரப்படுகிறவர்கள் அதிகம். நான் பார்த்த வரையில், சாதாரணமானவர்களுக்குக் கிடைக்கும் உண்மையான பலன் சிறியது, ஆனால் மதிப்புள்ளது: கோபம் வருவது நிற்பதில்லை, வருகிறது என்பது கொஞ்சம் முன்னதாகத் தெரிகிறது. தாடை இறுகுவதையும் மூச்சு முட்டுவதையும் உணர்ந்துவிட்டால், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவதற்கு முன் ஒரு நொடி கிடைக்கும். வீடு திரும்பிய பின் காலையும் மாலையும் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும் என்று முகாமிலேயே சொல்லி அனுப்புவார்கள். அதை விட்டவர்களுக்கு அந்த நொடியும் சீக்கிரம் போய்விடும். கொழுந்தனார் உட்காருகிறாரா என்று பாருங்கள். பயிற்சி பலித்ததா என்று மதிப்பெண் போடும் உரிமை முகாமுக்குப் போனவருக்குக் கிடையாது, அவரோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கே உண்டு. இதை உங்கள் ஓரகத்தியே அவரிடம் சொல்வது பொருத்தமாக இருக்கும்.

மாமியார் பக்கவாதத்தில் படுத்து ஆண்டுகள் ஆகின்றன. நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பத்து நாள் அல்ல, ஒரு நாள்கூட வெளியே தங்க முடியாது. எனக்கெல்லாம் இது வாய்க்காதா?
– வாசகி, அழகியபாண்டியபுரம்

சகோதரி, வயிற்று நோயால் தன் கழிவிலேயே கிடந்த ஒரு பிக்குவைப் புத்தரும் அவருடைய சீடர் ஆனந்தரும் தம் கையால் கழுவித் தூக்கிப் படுக்கவைத்த நிகழ்ச்சி விநயத்தில் இருக்கிறது. அந்தப் பிக்கு மற்றவர்களுக்கு உதவியதில்லை என்று சொல்லி அவரைக் கைவிட்டிருந்த தோழர்களை அழைத்து, எனக்குப் பணிவிடை செய்ய விரும்புகிறவர் நோயாளிக்குப் பணிவிடை செய்யட்டும் என்றார் புத்தர். உங்கள் கடமையைத் தடையாக நினைத்து மனம் நொந்துகொள்ள வேண்டியதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். உங்களுக்கு ஓய்வு தேவையில்லை என்று உங்கள் வீட்டார் இதைக் காட்டிச் சொன்னால் அதை ஏற்காதீர்கள்.

வீட்டிலிருந்தே ஒதுங்க ஒரு பழைய வழி உண்டு. பௌத்த இல்லறத்தார் பௌர்ணமி போன்ற உபோசத நாட்களில் ஒரு பகலும் இரவும் எட்டுச் சீலங்களை ஏற்பார்கள். ஐந்து சீலங்களோடு, நண்பகலுக்குப் பின் உண்ணாமை, ஆடல் பாடல் அலங்காரம் தவிர்த்தல், உயர்ந்த சொகுசுப் படுக்கையைத் தவிர்த்தல் ஆகிய மூன்றும் சேரும். இலங்கையில் போயா எனப்படும் பௌர்ணமி நாளில் வெள்ளை உடுத்த பாட்டிமார்கள் விகாரையில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது இதற்காகத்தான். வியட்நாமியத் துறவி திக் நியட் ஹான் (1926–2022) வாரத்தில் ஒரு நாளையாவது விழிப்புணர்வு நாளாக வைத்துக்கொண்டு, பாத்திரம் கழுவுவதையும் துணி துவைப்பதையும் அவசரமின்றி, செய்வதை அறிந்தபடியே செய்யும்படி சொல்லிக்கொடுத்தார்.

மாதத்தில் ஒரு பௌர்ணமியன்று நாத்தனாரையோ கணவரையோ காலை முதல் மதியம் வரை மாமியாரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம், அவருக்கும் அவர் அம்மாதான். போனை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டு, பின்கட்டிலோ மாடியிலோ அரை மணி நேரம் மூச்சைக் கவனித்து உட்காருங்கள், அரை மணி நேரம் மெல்ல நடங்கள், மறுபடி உட்காருங்கள். தூக்கம் வந்தால் முதல் மாதம் தூங்கிவிடுங்கள். உங்களுக்கு அதுதான் பாக்கி இருக்கும். இச்சானங்கலக் காட்டில் 3 மாதம் தனித்திருந்த புத்தரே அந்த நாட்களைப் பெரும்பாலும் மூச்சைக் கவனிக்கும் தியானத்தில்தான் கழித்தார் என்பதால், நீங்கள் செய்வது சிறுபிள்ளைப் பாடமாகாது. நீங்கள் சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவராக இருந்தால் நண்பகலுக்குப் பின் உண்ணாமையை மட்டும் விட்டுவிட்டு, மாலையில் வழக்கம்போல் சாப்பிட்டுக்கொள்ளுங்கள்.